சந்திரீனாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

ஒபெரா கதாநாயகி ஒருத்தி சாவதற்கு ஆறு நிமிடம் போதும். செஞ்சியில் எங்கள் கதாநாயகிக்கு மூன்று நாள் பிடித்தது. அப்படியும் இயக்குநர் கேட்ட மாதிரி அவள் சாகவில்லை. இதை எரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரி. பிரான்சில் ஒரு நடுத்தர ஊரின் ஒபெரா அரங்கத்தில் பத்தொன்பது வருடமாக உடைப் பிரிவில் வேலை. பாடகிகளின் முதுகில் கொக்கி மாட்டுவேன், வியர்வையில் நனைந்ததைத் துவைப்பேன், இடைவேளையில் கிழிந்ததை மணி அடிப்பதற்குள் தைப்பேன். நிகழ்ச்சித்தாளில் விளக்குப் போடுகிறவர் பெயர் வரும், பொய்முடி செய்தவர் பெயர் வரும். எங்களைப் பற்றி 'உடைப் பிரிவு' என்று ஒரே சொல் இருக்கும். அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு பழைய ஒபெராவைத் தூசி தட்டி எடுத்தார்கள். கதை தென்னிந்தியாவில் ஒரு மலைக்கோட்டையில் நடக்கிறது. இசை அமைத்தவர் மார்செய் துறைமுகத்தைத் தாண்டிக் கிழக்கே ஓர் அடி வைத்ததில்லையாம். முதல் ராத்திரி மேடைக்கு வந்த அட்டை யானை வாசலில் சிக்கிக்கொண்டு, சோக நாடகத்துக்குச் சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். பிறகு நெடுங்காலம் யாரும் தொடவில்லை. கதாநாயகி சாகும்போது பாடும் பாட்டு மட்டும் அபாரமாக இருந்ததால், பாடகிகள்தான் அந்த ஒபெராவைப் பிழைக்க வைத்தார்கள். இது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம்.

கடைசிக் காட்சியை நிஜமான ஒரு கோட்டையில் படம்பிடித்து, மேடையில் பெரிய திரையில் காட்டலாம் என்று இயக்குநர் சொன்னார். யாரோ மொராக்கோ என்றார்கள். நான் கையைத் தூக்கி, "அந்தக் கோட்டை செஞ்சியில் நிஜமாகவே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் அதைப் பிடித்தும் வைத்திருந்தார்கள். என் ஊரிலிருந்து பஸ்ஸில் போகலாம்" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இயக்குநர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்படியானால் நீயே போய் எடுத்துக்கொண்டு வா. சரியாக வந்தால் உதவி இயக்குநர் என்று உன் பெயரைப் போடுகிறேன்" என்றார். பெயர்! அதற்காகத்தான் போனேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை செஞ்சியில் இறங்கியதும் தெரிந்த முதல் விஷயம், உடைப் பெட்டி வரவில்லை என்பது. புதுச்சேரியில் பஸ் கூரை மேல் ஏற்றிய பெட்டியைச் செஞ்சியில் இறக்க மறந்து, அது நேராக அவலூர்பேட்டைக்குப் போய்விட்டது. ஆட்டோ பிடித்துப் போனேன். பாதி வழியில் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இறங்கி, அதன் வயிற்றைப் பார்த்து, "ஒண்ணுமில்லமா, சூடாயிடுச்சு" என்று ஒரு புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். ஆட்டோ ஆறுகிற வரை அவரும் தூங்கினார். அவலூர்பேட்டையில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே பெட்டி பத்திரமாக இருந்தது. அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும், "குடிச்சிட்டு எழுந்துக்கிறேன்" என்றார். பிரான்சில் இந்த நேரத்துக்கு நான்கு புகார்க் கடிதம் எழுதியிருப்பேன். இங்கே எனக்கும் ஒரு டீ வந்தது.

திரும்பி வந்தபோது எங்கள் பாடகி மெலனி லாட்ஜ் வாசலில் நின்றிருந்தாள். முப்பத்து நான்கு வயது, அருமையான குரல், பால் பொருள் எதையும் தொடமாட்டாள். அவளுக்கு என்ன வாங்கித் தருவது என்று ஏழுமலை திண்டாடிக்கொண்டிருந்தார். ஏழுமலை செஞ்சியில் ஒலிபெருக்கியும் பந்தலும் வாடகைக்கு விடுபவர். உள்ளூர் ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு.

"நெய் வாணாம், தயிர் வாணாம், முட்ட வாணாம்... ஒடம்புக்கு இன்னா மேடம் அவங்களுக்கு?"

"ஒன்றும் இல்லை, ஏழுமலை. கொள்கை."

"எத்தினி நாளா இருக்குது?" என்று அவர் கவலையோடு கேட்டார்.

மெலனிக்கு வாழை இலையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் கிடைத்தன. எட்டு இட்லி சாப்பிட்டாள். எனக்குக் கிடைத்தது ஆறிப்போன பரோட்டா.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. 'இந்தியப் பெண்களின் குழு' என்று ஒபெராவில் எழுதியிருப்பதால், அனந்தபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபது பெண்களை ஏழுமலை வேனில் அழைத்து வந்தார். அவர்களுக்காகப் பேசுகிறவள் பச்சையம்மாள். நாற்பது வயது இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், மகள் நர்சிங் படிக்கிறாள். பத்து நிமிடத்தில் என் பெயர், வயது, குடும்பம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். விவாகரத்து என்றதும், "வுடு, தொல்ல வுட்டுச்சு" என்று முடித்துவிட்டாள்.

அவலூர்பேட்டையிலிருந்து உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். இருபது வெள்ளை அங்கிகள். எங்கள் உடை வடிவமைப்பாளரின் கற்பனையில் இந்தியப் பெண் கழுத்து முதல் கால் வரை வெள்ளை.

பச்சையம்மாள் ஓர் அங்கியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இத கட்டிக்கினு வூட்டுக்குப் போனா எங்க வூட்டுக்காரனுங்க சும்மா வுடுவானுங்களா? அவனுங்க இன்னும் உசுரோட இருக்கானுங்க மேடம்."

பெட்டி மூடப்பட்டது. அவரவர் சேலையே போதும் என்றேன். ஒரு நாள் முழுக்க வீணானதை நினைத்து யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒரு குரங்கை விரட்டினேன். அது நகரவில்லை.

கோட்டைக்குள் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்துக்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை சொன்னேன். கோட்டைத் தளபதியின் மகள் சந்திரீனா.

"சந்திரான்னு சொல்லு" என்றாள் ஒருத்தி.

சரி, சந்திரா. எதிரிப் படையின் பிரெஞ்சுக் கேப்டன் ஒருவன் பிடிபடுகிறான். அவனுக்கு இவள் தண்ணீர் கொடுக்கிறாள். காதல் வருகிறது. அவன் மோதிரம் போடுகிறான். இவள் கோட்டைக்குள் வரும் ரகசிய வழியைக் காட்டிவிடுகிறாள். படை நுழைகிறது, கோட்டை விழுகிறது, அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். கேப்டன், கடமை அழைக்கிறது என்று கப்பல் ஏறிவிடுகிறான். இவள் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் விஷம் குடித்துவிட்டு ஆறு நிமிடம் பாடிச் சாகிறாள்.

"நைனா பொணம் பக்கத்துல கெடக்குது, இவ பாட்டா பாடுறா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"ஆமாம்."

"ஒப்பாரியா?"

யோசித்தேன். அப்பா, உன்னை நான்தான் கொன்றேன், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்பதுதான் பாட்டு. "ஒப்பாரிதான்" என்றேன்.

"அப்ப சரி. பாடலாம்." இருபது தலைகளும் ஆடின. நூறு வருடத்துக்கு மேலாகப் பாரிஸ் விமர்சகர்கள் பொருந்தவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தை இவர்கள் அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவ அம்மா எங்க?"

"கதையில் இல்லை."

"செத்துட்டாளா?"

"தெரியாது. எழுதவில்லை."

"அத்த? பெரிமா? அக்கா தங்கச்சி?"

"யாருமே இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். பத்தடி தள்ளி நிற்கவேண்டும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அசையக் கூடாது, சத்தம் கூடாது. ஏழு நொடி மௌனம், பிறகு திரை." இயக்குநரின் கட்டளை அது. அந்த ஏழு நொடி மௌனத்துக்காகத்தான் அவர் இந்த ஒபெராவையே எடுத்தாராம். பேட்டியெல்லாம் கொடுத்திருந்தார்.

பச்சையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "பொம்பள பொணத்த பத்தடி தள்ளி நின்னு பாக்குறது ஆம்பளைங்க. நாங்க எதுக்கு நிக்கணும்? எங்களுக்கும் அவளுக்கும் பகையா?"

"பகை இல்லை. கலை."

"மோதரம் போட்டான் இல்ல? அப்ப கட்னவ கணக்கு. பொறந்த வூட்டு கோடி யாரு கொண்டாறது?"

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். அதுதான் கோடி. அதைக் கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்தும் வரை பிணத்தை எடுக்கமாட்டார்கள். அண்ணன் தம்பி வெளியூரில் இருந்தால் ஊரே காத்திருக்கும். ஒபெராவில் இதற்கு இடம் இல்லை. ஐந்து அங்கத்தில் ஒரு வரி கூட இல்லை.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "யாரும் கொண்டுவர வேண்டாம்! பிறந்த வீடே இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கே யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போயாச்சு, இருந்த ஒரே அண்ணனும் போன வருஷம் போயாச்சு. புதுச்சேரியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் செருப்புக்கடை இருக்கிறது. எனக்குக் கொண்டுவரவே ஆள் இல்லை, அதற்காக நான் என்ன குறைந்துபோய்விட்டேன்? நில்லுங்கள் என்றால் நில்லுங்கள்!" என்று கத்திவிட்டேன்.

மெலனி பயந்துபோய், "என்ன சொன்னாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். மேடைக் குறிப்பு சொன்னேன் என்றேன். பச்சையம்மாள் பத்தடி தள்ளிப் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். ஒத்திகை கச்சிதமாக முடிந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை படப்பிடிப்பு. எங்களுக்கு அனுமதி மாலை ஐந்து மணி வரை. மறுநாள் கேட்டாலும் கிடைக்காது. பதினொன்றரைக்கு மெலனிக்குக் கொக்கி மாட்டி, அப்பா பிணத்துக்கு ஏழுமலையையே படுக்க வைத்தேன். சென்னையிலிருந்து வந்த கேமராக்காரர் தயார் என்று கை காட்டினார். இசைக்குழு ஏற்கெனவே பதிவு செய்து கொடுத்திருந்ததை ஏழுமலையின் ஒலிபெருக்கியில் போடவேண்டும். போட்டோம்.

"அன்பார்ந்த பொதுமக்களே! காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், கோவில் திருவிழா..." என்று ஏழுமலையின் குரல் கோட்டை முழுவதும் முழங்கியது. அவருடைய பெட்டியில் எதைப் போட்டாலும் முதலில் அவர் விளம்பரம்தான் ஓடுமாம். அதை எடுக்க அவர் மச்சானுக்குத்தான் தெரியுமாம். மச்சான் சீயமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அவர் சாப்பாட்டுப் பந்தி முடித்து வந்து சேர மணி இரண்டரை.

முதல் தடவை, பாட்டின் நான்காவது நிமிடத்தில் ஒரு குரங்கு விஷக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மதில் மேல் ஏறியது. அதில் இருந்தது மெலனியின் எலுமிச்சைச் சாறு. குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே போட்டது. இரண்டாம் தடவை, பிணமாகக் கிடந்த ஏழுமலைக்குப் போன் வந்தது. எடுத்து, "படுத்துக்கினு இருக்கிறேன், அப்புறம் பேசறேன்" என்றார். அப்போது மணி நாலேகால்.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. மெலனி பாடினாள். அரங்கத்தில் அந்தப் பாட்டை உடை மாற்றும் அறையின் சின்ன ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டே துணி மடித்திருக்கிறேன். இங்கே களஞ்சியத்தின் கல் சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. குரங்குகள்கூட உட்கார்ந்துவிட்டன. கடைசிச் சுரம் மெலிந்து, மெலிந்து, நின்றது. மெலனி சாய்ந்தாள். பெண்கள் பத்தடி தள்ளித் தலை குனிந்து நின்றிருந்தார்கள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பச்சையம்மாள் நடந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுக்கும் இலவசச் சேலை. மடிப்புக் கலையாதது. அதை உதறி மெலனியின் காலிலிருந்து மார்பு வரை போர்த்தினாள். "யார் பெத்த பொண்ணோ, கேக்க நாதியில்லாம கெடக்குறியே" என்று குரல் எடுத்தாள். அவ்வளவுதான். மீதிப் பத்தொன்பது பேரும் ஓடிவந்து சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். நடிப்பு இல்லை. ஒவ்வொருத்திக்கும் அழ ஒரு சாவு கைவசம் இருந்தது. நான் கத்தினேன், கையைக் காலை ஆட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேமராக்காரர் மட்டும் படத்தை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

சேலைக்கு அடியில் மெலனி குலுங்குவது தெரிந்தது. பிணம் அழுதுகொண்டிருந்தது.

"எழுந்திரு, இன்னொரு தடவை எடுக்க நேரம் இருக்கிறது!" என்று அவளைப் பிடித்து இழுத்தேன். பச்சையம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள். "உசுரோட இருக்குற பொண்ண அழுதுட்டோம். சும்மா எழுந்திரிச்சா ஆவாது." யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். மூன்று சுற்றுச் சுற்றி, நசுக்கி, உப்பு கிள்ளிப் போட்டு, வாயில் மூன்று மடக்குத் தண்ணீர் ஊற்றி, "மெலனி, எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்று இருபது பேரும் மூன்று தரம் கூப்பிட்டார்கள். அப்புறம்தான் எழுந்திருக்க விட்டார்கள். காவலாளி விசில் ஊதினார். மணி ஐந்து.

நான் களஞ்சியத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்திரீனாவுக்காக இல்லை, என் பெயருக்காக.

மெலனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை இன்னும் தோளில் இருந்தது. "நாற்பது தடவைக்கு மேல் இந்த வேஷத்தில் செத்திருக்கிறேன்" என்றாள். "ஒருத்தரும் என்னைத் தொட்டதில்லை. பலகை சில்லென்று இருக்கும். அந்த ஏழு நொடியில் நாளைக்கு என்ன காய்கறி வாங்கலாம் என்று யோசிப்பேன்." அவளுக்கென்ன. அவள் நன்றாக இருப்பாள். அவள் பெயர் சுவரொட்டியிலேயே வரும்.

இரவே அனுப்பிவைத்த படத்தைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை இயக்குநர் போன் செய்தார். மெலனி பாடுவதைத் தன் வாழ்நாளில் இப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு, "ஆனால் இது என் ஒபெரா இல்லை. முதுகு முதுகாகத் தெரிகிறது, பிணத்தின் முகமே தெரியவில்லை. என் மௌனம் எங்கே?" என்று கேட்டார். மதிலையும் மலையையும் மட்டும் திரையில் காட்டிக்கொள்வாராம். மெலனி மேடையிலேயே, பழையபடி, தனியாகச் சாவாள். என் பெயர் என்னவாகும் என்று கேட்டேன். ஒரு கணம் அவருக்குக் கேள்வி புரியவில்லை. "ஓ, அதுவா? உடைப் பிரிவில் இருக்கிறாயே" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் உடைப் பெட்டியை என் காலுக்கடியிலேயே வைத்துக்கொண்டேன். பச்சையம்மாள் அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை மெலனி கையில் திணித்தாள். மெலனி சேலையை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பச்சையம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "போட்ட கோடிய திரும்ப வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. அது இந்தப் பாப்பாவுக்குத்தான்."

அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என் பத்தொன்பது வருடத்தை மூன்றாவது நொடியில் நடந்து வந்து மிதித்தவள். பஸ் வருகிறதா என்று திரும்பிக்கொண்டேன்.

"யக்கா. ஒன் அட்ரஸ் எழுதிக் குடு."

"எதற்கு?"

"அன்னிக்கி கத்துனியே, எனக்குக் கொண்டாற ஆளே இல்லன்னு."

"அதற்கு?"

"அதுக்கு இன்னா அதுக்கு? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா கோடி அனுப்ப வேணாமா? நான் ஏரோப்ளேன் ஏறி வர முடியாது. பார்சல் போட்டுடறேன். அடுத்த பொங்கலுக்கும் சேல குடுப்பாங்க, பிரிக்காம எடுத்து வெக்கிறேன்."

நல்லபடியாக ஊருக்குக் கிளம்புகிறவளிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? கோபம் தலைக்கு ஏறியது. ஏறிய கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பையைத் துழாவினேன். கையில் அகப்பட்டது இயக்குநர் கொடுத்த காட்சிக் குறிப்புத்தாள். அதன் பின்பக்கம் தெரு, எண், ஊர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். "பேரு எங்க?"

எழுதினேன்.

"முழுசா எழுது யக்கா. நைனா பேரும் போடு. வேற யாருக்காவது போயி சேந்துடப் போவுது."

எழுதினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். "கோதண்டபாணி மக வசந்தி." சரியா என்று என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டு இழுத்துக் கட்டினாள்.

பஸ் நகர்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே கூடவே நடந்து வந்தாள். "வூடு மாத்துனா சொல்லணும் யக்கா!" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சொல்கிறேன் என்றேன்.